எது எதற்கு முன்: சுற்றுச்சூழல் பொறியியல் பட்டப்படிப்பின் பாட வரிசை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)

சுற்றுச்சூழல் பொறியியல் இளநிலைப் பட்டம் இந்தியாவில் எட்டுப் பருவங்களில் முடிகிறது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் பொறியியல் பட்டத்துக்கு மொத்தம் 160 கிரெடிட் என்று வரம்பு கட்டியது. வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரு கிரெடிட். ஆய்வகம் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. அந்த 160இல் அடிப்படை அறிவியலுக்கு 25, பொதுவான பொறியியல் பாடங்களுக்கு 24, மானுடவியல், மேலாண்மைக்கு 12, பிராஜெக்டுக்கும் பயிற்சிக்கும் 15, துறை விருப்பப் பாடங்களுக்கு 18, பிற துறை விருப்பப் பாடங்களுக்கு 18. இவை போகத் துறையின் மையப் பாடங்களுக்கு எஞ்சுவது 48. குடிநீர், கழிவுநீர், காற்று, திடக்கழிவு, நிலத்தடி நீர், ஒலி, சட்டம், தாக்க மதிப்பீடு எல்லாம் அந்த 48க்குள் அடங்கியாக வேண்டும். மூன்று கிரெடிட் பாடங்களாகப் பிரித்தால் பதினாறு தேறும். ஆய்வகங்களைக் கழித்தால் பன்னிரண்டோ பதின்மூன்றோதான்.

அவையோரில் பலர் பாடத்திட்டக் குழுக்களில் அமர்ந்தவர்கள். அந்தக் கூட்டங்களில் நேரமெல்லாம் எதைச் சேர்ப்பது என்ற பேச்சிலேயே கரைந்துவிடும் என்பது அவர்களுக்குப் பழக்கமான செய்தி. ஒருவர் காலநிலை மாற்றத்துக்குத் தனிப் பாடம் கேட்பார். இன்னொருவர் தொலையுணர்வு தெரியாதவருக்கு இனி வேலை இல்லை என்பார். மூன்றாமவர் பைத்தான் கேட்பார். மூன்றும் நியாயமான கோரிக்கைகள்தாம். ஆனால் புதிதாக ஒன்று உள்ளே வரும்போது ஏற்கெனவே இருந்த ஒன்று பருவம் மாறி எங்கோ ஒதுங்குகிறது. அது எந்தெந்தப் பாடத்துக்கு அடிப்படையாக இருந்தது என்று அப்போது யாரும் கேட்பதில்லை. இவ்வுரை அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறது. சுற்றுச்சூழல் பொறியாளரின் தேர்ச்சி, பட்டியலில் எத்தனை பாடம் இருந்தது என்பதைவிட எது எதற்கு முன் நடத்தப்பட்டது என்பதையே சார்ந்திருக்கிறது. அந்த வரிசைக்கு முதுகெலும்பு நிறைச் சமநிலை. வகுப்பறை வழக்கில் மாஸ் பேலன்ஸ். அது மூன்றாம் பருவத்தில் தனிப் பாடமாக வர வேண்டும். மற்றவற்றின் இடம் அதைக்கொண்டே முடிவாக வேண்டும்.

1. பிறக்கும்போதே இருந்த சிக்கல்

மசாசூசெட்ஸ் மாநிலச் சுகாதார வாரியம் 1887இல் லாரன்ஸ் நகரில் ஓர் ஆய்வு நிலையத்தைத் தொடங்கியது. கழிவுநீரையும் ஆற்று நீரையும் மணல் படுகை வழியே விட்டு என்ன நடக்கிறது என்று பார்ப்பது அதன் வேலை. முன்னின்று நடத்திய ஹைரம் மில்ஸ் நீரியல் பொறியாளர். நுண்ணுயிர்களைக் கவனித்த வில்லியம் செட்விக் உயிரியலாளர். அதே ஆண்டுகளில் அம்மாநில நீர்நிலைகளின் மாதிரிகளை எம்.ஐ.டி. ஆய்வகத்தில் பகுத்தாய்ந்த எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் வேதியியலாளர். 1893இல் லாரன்ஸ் நகரத்தின் குடிநீருக்கே மணல் வடிகட்டி அமைந்தது. டைபாய்டு சாவுகள் வெகுவாகக் குறைந்தன. அந்த வெற்றி ஒரு துறையின் வெற்றியாக இருக்கவில்லை. மூன்று துறைக்காரர்கள் தத்தம் படிப்பை முழுதாக முடித்துக்கொண்டு வந்து ஒரே மேசையில் உட்கார்ந்ததால் கிடைத்தது அது.

இன்றைய இளநிலைப் பட்டம் அந்த மூவரின் அறிவையும் ஒரே மாணவருக்கு, அவர் எந்தத் துறையிலும் முழுதாக முடிக்காத நிலையில், நான்கே ஆண்டுகளில் தர முயல்கிறது. எந்தத் துறையிலிருந்து எவ்வளவு என்பது முதல் சிக்கல். எந்த வரிசையில் என்பது அதைவிடப் பெரிய சிக்கல்.

இந்தியாவில் இச்சிக்கல் தாமதமாகத்தான் தலைகாட்டியது. நாக்பூரில் 1958இல் தொடங்கிய மத்தியப் பொதுச் சுகாதாரப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1974இல் நீரி என்று பெயர் மாறியது. நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. அப்போதும் அதன் பின்னர் நெடுங்காலமும் இத்துறை பெரும்பாலும் முதுநிலைப் படிப்பாகவே இருந்தது. சிவில் முடித்தவர்கள் சேர்ந்தார்கள். நீரியலும் கட்டுமானமும் கைவந்தவர்களுக்கு மேற்கொண்டு வேதியியலும் நுண்ணுயிரியலும் கற்பித்தால் போதுமானதாக இருந்தது. கேட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியலுக்கும் பொறியியலுக்கும் தனித்தாள் வந்ததே 2021இல்தான். ஆகவே இளநிலைப் பாடத்திட்டம் வகுப்போர் கையில் முன்மாதிரியாக இருப்பது முதுநிலைப் பட்டியல். ஏற்கெனவே பொறியாளராகிவிட்ட ஒருவருக்காகப் போட்ட பட்டியல் அது. பிளஸ் டூ முடித்து வருபவருக்கு அதை அப்படியே விரித்துக் கொடுத்தால், தலைப்புகள் எல்லாம் இருக்கும். அவற்றைத் தாங்கும் அடித்தளம் இருக்காது.

2. வகுப்பில் உட்காருபவர்

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200க்குக் கணக்கிடப்படுகிறது. உயிரியலுக்கு அதில் இடமில்லை. கணினி அறிவியல் பிரிவில் படித்து வரும் மாணவர் உயிரியலைக் கடைசியாகத் தொட்டது பத்தாம் வகுப்பில். செயலூட்டு கசடு முறை என்பது கோடிக்கணக்கான பாக்டீரியாக்களுக்குத் தீனியும் காற்றும் கொடுத்து, வளர்ந்தவற்றில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பி, மீதியை வெளியேற்றும் வேலை. பாக்டீரியா எப்படி உண்கிறது, எப்படிப் பெருகுகிறது என்று தெரியாதவருக்கு அந்தத் தொட்டி வெறும் காங்கிரீட் பெட்டிதான். நுண்ணுயிரியலை ஐந்தாம் பருவத்தில் கழிவுநீர்ப் பாடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தால் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடும்; ஒன்று மற்றொன்றுக்கு உதவாது. அது நான்காம் பருவத்திலாவது முடிந்திருக்க வேண்டும்.

முதல் ஆண்டிலேயே வைத்தால் என்ன என்று கேட்கலாம். இங்கே இன்னொரு கூட்டத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர்கள் லேட்டரல் என்ட்ரி வழியாக நேரே மூன்றாம் பருவத்தில் சேர்கிறார்கள். முதல் இரண்டு பருவங்களில் வைத்த எதுவும் அவர்களைச் சென்றடையாது. துறைக்கு உயிரான எதையும் மூன்றாம் பருவத்துக்கு முன் வைக்கக் கூடாது என்பது இதிலிருந்து வரும் நடைமுறை விதி.

முதலாண்டின் பொறியியல் வேதியியல் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. எல்லாத் துறைகளுக்கும் பொதுவான அப்பாடம் கொதிகலன் நீரின் கடினத்தன்மை, பலபடிகள், எரிபொருள்கள் என்று போகிறது. ஏரி நீரில் கார்பன் டைஆக்சைடு கரைந்து பைகார்பனேட்டாகி அமில–காரச் சமநிலையை எப்படித் தாங்கிப் பிடிக்கிறது என்பது அதில் வருவதில்லை. படிகாரம் போட்டால் நீரின் காரத்தன்மை ஏன் குறைகிறது என்று ஆறாம் பருவத்தில் கேட்டால் மாணவர் விழிப்பதற்கு அவர் காரணமல்லர். வேதியியல் முடிந்துவிட்டது என்று முதலாண்டோடு குறித்துக்கொண்ட திட்டம்தான் காரணம். சுற்றுச்சூழல் வேதியியல் என்று தனிப் பாடம் மூன்றாம் பருவத்தில் தேவை; காரத்தன்மை, வாயுக் கரைதிறன், ஆக்சிஜனேற்றம்–ஒடுக்கம், மேற்பரப்புக் கவர்ச்சி ஆகிய நான்கையும் அது ஆழமாக நடத்தினால் போதும்.

எல்லாத் துறை மாணவருக்குமான கட்டாயச் சுற்றுச்சூழல் அறிவியல் பாடம், எம்.சி. மேத்தா வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவிலிருந்து கிளைத்தது. 2018 மாதிரித் திட்டத்தில் அதற்குக் கிரெடிட் கிடையாது. சுற்றுச்சூழல் பொறியியல் மாணவரும் அதில் உட்கார்ந்து ஓசோன் ஓட்டையைப் பற்றி இன்னொரு முறை கேட்கிறார். அந்த மணி நேரத்தில் அவரை ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புவது மேல்.

3. முதுகெலும்பு

ஓர் எல்லையை வரைந்துகொண்டு, உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு, உள்ளேயே உருமாறியது எவ்வளவு, தங்கியது எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதுதான் நிறைச் சமநிலை. காற்றேற்றத் தொட்டிக்கும், பாஸ்பரஸ் சேரும் ஏரிக்கும், புகை சூழ்ந்த நகரத்துக்கும், குப்பைக் கிடங்குக்கும் ஒரே சமன்பாடு. ஊடக வாரியாகப் பிரித்த பாடத்திட்டத்தில் இதை ஒவ்வோர் ஆசிரியரும் தம் பாடத்தின் தொடக்கத்தில் தம் குறியீடுகளில் புதிதாக நடத்துகிறார். மாணவர் மூன்று தனித்தனி சூத்திரங்களாக மனப்பாடம் செய்கிறார். வேதிப் பொறியியல் துறைகள் செயல்முறைக் கணக்கீடு என்ற பாடத்தைத் தொடக்கத்திலேயே வைத்து இச்சிக்கலை என்றோ தீர்த்துவிட்டன. அமெரிக்காவின் ஏபெட் அமைப்பு சுற்றுச்சூழல் பொறியியல் பட்டத்துக்கு விதித்துள்ள தர அளவுகோலும் பொருள், ஆற்றல் சமநிலைகளையும், காற்று–நீர்–மண் இடையே பொருள்கள் நகர்ந்து சேர்வதையும் பெயர் சொல்லிக் கேட்கிறது.

திருப்பூரை எடுத்துக்கொண்டால் இதன் அருமை புரியும். உரையின்போது கரும்பலகையில் போட்ட கணக்கு இது. எண்கள் எளிமைக்காக முழுமையாக்கப்பட்டவை. ஒரு சாயப்பட்டறை நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் கழிவுநீரை வெளியேற்றுகிறது. அதில் கரைந்த உப்பு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 6,000 மில்லிகிராம். பெருக்கினால் நாளொன்றுக்கு 600 கிலோ உப்பு. தமிழ்நாட்டில் உள்நாட்டு நீர்நிலைகளில் விடுவதற்கான டி.டி.எஸ். வரம்பு 2,100 மில்லிகிராம். அந்த அளவில் அதே ஒரு லட்சம் லிட்டரில் 210 கிலோதான் இருக்கலாம். கழிவுநீரை உயிரியல் முறையில் எவ்வளவு சிறப்பாகச் சுத்திகரித்தாலும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது பி.ஓ.டி., குறையும், நிறம் ஓரளவு குறையும்; உப்பு மட்டும் அதே 600 கிலோவாகவே வெளியே வரும். எந்தப் பாக்டீரியாவும் உப்பைத் தின்று தீர்ப்பதில்லை. சமன்பாட்டில் உருமாற்றம் என்ற உறுப்பு உப்புக்குச் சுழி.

திருப்பூரில் 1990களில் எழுந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உப்பை நீக்கும் அமைப்பு இல்லாதவை. சாயக் கழிவு நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்காகக் கட்டிய அணை விவசாயிகளுக்கே எதிரியானது. வழக்குகள் நடந்தன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரே வெளியேறாத முறையை எட்டினால்தான் அவை மீண்டும் இயங்கலாம் என்றாயிற்று.

கணக்கைத் தொடர்ந்தால் அம்முறையின் விலையும் தெரிகிறது. எதிர்ச் சவ்வூடு பரவல், அதாவது ஆர்.ஓ., 80 விழுக்காடு நீரை மீட்கிறது என்று கொண்டால் 80,000 லிட்டர் மீண்டும் பட்டறைக்குப் போகிறது. எஞ்சிய 20,000 லிட்டர் ரிஜெக்ட் நீரில் ஏறத்தாழ அந்த 600 கிலோ உப்பு முழுவதும் இருக்கும். லிட்டருக்கு 30 கிராம், கடல்நீருக்குக் கிட்டத்தட்ட நிகர். அதை ஆவியாக்க வேண்டும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வெப்பம். 20,000 கிலோவுக்கு நான்கரைக் கோடி கிலோஜூல். மின் கணக்கில் 12,500 யூனிட்டுக்கும் மேல். பல அடுக்கு ஆவியாக்கி வைத்து இதைப் பல மடங்கு குறைக்கலாம், சுழியாக்க முடியாது. இறுதியில் மூட்டை கட்டிய உப்பு. அதில் மறுபடி சாயமிட உதவும் பகுதியைப் பிரித்தெடுத்தாலும் கலப்பு உப்பு மிஞ்சி ஷெட்டுகளில் அடுக்கப்படுகிறது. ஆண்டுக்கு 300 நாள் வேலை என்றால் இந்த ஒரே பட்டறையிலிருந்து 180 டன் உப்பு ஏதாவது ஓரிடத்தில் இருந்தாக வேண்டும்.

கூட்டல், பெருக்கல் தவிர இதில் வேறு கணிதம் இல்லை. ஆனாலும் கழிவுநீர், ஆற்றல், திடக்கழிவு, சட்டம் ஆகிய நான்கு பாடங்களும் இதில் அடங்கியிருக்கின்றன. மூன்றாம் பருவத்திலேயே இக்கணக்கைப் போட்டுப் பழகிய மாணவர், பின்னால் எந்த இயந்திரத்தைக் காட்டினாலும், மாசு போனது எங்கே என்று முதலில் கேட்பார். பாடத்திட்டம் இந்தப் பழக்கத்தை ஊட்டுவதில் தவறிவிட்டால் பின்னால் வரும் விருப்பப் பாடங்களால் அதை ஈடுகட்ட இயலாது.

4. வேகமும் நிச்சயமின்மையும்

நிறைச் சமநிலைக்கு அடுத்து வினைவேகம். எவ்வளவு மாறுகிறது என்று கேட்டவர் எவ்வளவு விரைவில் மாறுகிறது என்று கேட்டாக வேண்டும். தொட்டியின் கொள்ளளவை முடிவு செய்வது அதுதான். நான்காம் பருவம் இதற்குப் பொருத்தம். அதே பருவத்தில் நுண்ணுயிரியலும் நடப்பதால் பாக்டீரிய வளர்ச்சி வேகம் இரண்டு பாடத்துக்கும் பொதுச் சொத்தாகிறது.

வரிசை சரியா என்று சோதிக்க நல்ல உரைகல் ஒன்று உண்டு. ஒஹையோ ஆற்றை ஆராய்ந்த ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் இருவரும் 1925இல் வெளியிட்ட ஆக்சிஜன் சரிவுச் சமன்பாடு அது. கழிவுநீர் கலந்த இடத்துக்குக் கீழே ஆற்றில் கரைந்த ஆக்சிஜன் குறைந்து, ஓரிடத்தில் அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு மெல்ல ஏறும். அந்த ஒரு வளைகோட்டைப் புரிந்துகொள்ள முதல்படி வகைக்கெழுச் சமன்பாடு வேண்டும், அது கணிதம். பாக்டீரியா ஆக்சிஜனைச் செலவழிக்கும் வேகம் வேண்டும்; அது நுண்ணுயிரியல். காற்றிலிருந்து நீருக்குள் ஆக்சிஜன் கரையும் வேகம் வேண்டும், அது வேதியியல். ஆற்றின் ஓட்ட வேகமும் ஆழமும் வேண்டும். அது பாய்ம இயக்கவியல். இந்த நான்கில் ஒன்றாவது இன்னும் நடக்காத பருவத்தில் இச்சமன்பாடு பாடமாக வைக்கப்பட்டிருந்தால் மாணவர் விடையை மட்டும் பொருத்திப் பார்க்கிறார். எந்தத் துறையும் தன் பாடத்திட்டத்தை இந்த ஒரு கேள்வியால் சோதித்துக்கொள்ளலாம்.

சமன்பாடு எங்கே உதவாது என்பதையும் அதே பருவத்தில் சொல்லிவிட வேண்டும். கோடையில் கூவத்தில் ஓடுவது பெரும்பாலும் கழிவுநீரே. முகத்துவாரத்தில் மணல்திட்டு அடைத்துக்கொண்டால் ஓட்டமும் நின்றுவிடும். ஒரே திசையில் சீராக ஓடும் ஆறு என்ற அனுமானம் அங்கே செல்லாது.

புள்ளியியல் பல திட்டங்களில் பொதுக் கணிதத்தின் கடைசி அலகாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இத்துறையில் அதற்குத் தனி இடம் வேண்டும். 2015 டிசம்பர் முதல் நாளையொட்டித் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அப்படிப்பட்ட மழை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும், சில பத்தாண்டுப் பதிவுகளை வைத்துக்கொண்டு அதை எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும் என்ற கேள்விக்கு மழைநீர் வடிகால் வடிவமைப்பவர் பதில் சொல்லியாக வேண்டும். சராசரியும் திட்ட விலக்கமும் மட்டும் தெரிந்தவரால் அது ஆகாது. உச்ச மதிப்புகளின் பரவலை நான்காம் பருவத்தில், நீரியல் பாடத்தோடு கைகோத்து நடத்துவது நல்லது.

5. ஆய்வகமும் நாட்காட்டியும்

பாடத்திட்டம் வகுப்போர் மிகக் குறைவாகப் பேசுவது கால அட்டவணை பற்றி. மிக அதிகமாகக் கெடுவதும் அங்கேதான்.

பி.ஓ.டி. சோதனையைப் பார்ப்போம். 300 மில்லி பாட்டிலில் நீர்த்த கழிவுநீரை நிரப்பி, குமிழி இல்லாமல் மூடி, தொடக்க ஆக்சிஜனை அளந்து, இருட்டான அடைகாப்புப் பெட்டியில் வைக்க வேண்டும். இந்தியத் தர முறையில் 27 டிகிரி செல்சியஸில் மூன்று நாள். மூன்றாம் நாள் முடிவில் மாங்கனீசு சல்பேட், கார அயோடைடு அசைடு, பிறகு கந்தக அமிலம் சேர்த்து, ஸ்டார்ச் நீலம் மறையும்வரை தயோசல்பேட்டால் தரம்பார்த்து மீந்த ஆக்சிஜனை அறிய வேண்டும். கல்லூரி அட்டவணையில் ஆய்வகம் வாரம் ஒருமுறை, மூன்று மணி நேரம். திங்களன்று பாட்டில் வைத்த மாணவர் வியாழனன்று வேறு வகுப்பில் இருப்பார். தரம்பார்ப்பதை ஆய்வக உதவியாளர் செய்கிறார்; மாணவர் அடுத்த திங்களன்று எண்ணை மட்டும் நகலெடுக்கிறார். சோதனையின் உயிர்ப்பகுதியை, நீலம் சட்டென்று மறையும் அந்தத் துளியை, அவர் பார்த்திருக்கவே மாட்டார். கோலிஃபார்ம் எண்ணும் சோதனையிலும் இதே கதை. அங்கே 24 மணி, 48 மணிக்குப் பார்க்க வேண்டும். மூன்று மணி நேர ஆய்வகத்தைத் திங்கள் இரண்டு மணி, வியாழன் ஒரு மணி என்று பிரித்தாலே பி.ஓ.டி. சோதனையின் சிக்கல் தீரும். கிரெடிட்டும் அதிகரிக்காது, செலவும் அதிகரிக்காது. கால அட்டவணை போடும் பொறுப்பாளரிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தால் போதும்.

இங்கே கணக்கின் சிக்கல் ஒன்றும் ஒளிந்திருக்கிறது. மாணவர் கையிலுள்ள அமெரிக்கப் பாடநூல்களில் பி.ஓ.டி. என்றால் 20 டிகிரியில் ஐந்து நாள். நாளுக்கு 0.23 என்ற வழக்கமான வேக மாறிலியை வைத்துக் கணக்கிட்டால் ஐந்து நாளில் மொத்த ஆக்சிஜன் தேவையில் 68 விழுக்காடு செலவாகிறது. அதே மாறிலியை 1.047 என்ற வெப்பநிலைக் காரணியால் 27 டிகிரிக்குத் திருத்தினால் மூன்று நாளில் 61 விழுக்காடு. இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்கள், ஆனால் ஒன்றல்ல. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தரும் அறிக்கையில் எந்த பி.ஓ.டி. என்று குறிக்காமல் எழுதுபவர் இந்தக் கணக்கைத் தாமே ஒருமுறை போட்டிருக்க மாட்டார். மேற்கண்ட ஆய்வகம் வினைவேகப் பாடத்துக்குப் பின் வந்தால் அதே வாரத்தில் இதையும் போட வைக்கலாம். முன்னால் வந்தால் முடியாது.

பருவகாலமும் பாடப் பருவமும் ஒத்துப்போக வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது; ஒற்றைப்படைப் பருவ வகுப்புகள் அப்போது நடந்துகொண்டிருக்கும். மழைமானி, ஓடை நீரளவு, முதல் மழை அடித்துக்கொண்டு வரும் அழுக்கு இவற்றையெல்லாம் நேரில் அளக்க வேண்டிய பாடங்களுக்கு ஐந்தாம் பருவம் ஏற்றது. காற்று மாசு ஆய்வகத்துக்கு ஆறாம் பருவம். ஜனவரியில் தரையை ஒட்டிய குளிர்காற்று மேலெழாமல் நிற்கும் காலைகள் கிடைக்கும். போகிப் புகையும் அப்போதுதான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சென்னையில் போகிக்கு முன்பும் போகியன்றும் காற்றை அளந்து வெளியிடுகிறது. கல்லூரிக் கூரையில் ஒரு மாதிரியெடுப்பான் வைத்து அதே நாளில் அளந்தால் மாணவர்கள் தம் எண்ணை வாரியத்தின் எண்ணோடு ஒப்பிடலாம். இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்பதைப் பேசவே ஒரு வாரம் போதாது. இதே ஆய்வகம் ஜூலையில் வந்தால் பலத்த மேல்காற்றில் வடிகட்டித் தாளில் படிவது பெரும்பாலும் புழுதிதான்.

6. பின்பாதி

முதல் நான்கு பருவங்கள் ஒழுங்காக அமைந்தால் பின்பாதிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குடிநீர் ஐந்தாம் பருவத்திலும் கழிவுநீர் ஆறாம் பருவத்திலும் வரலாம். திடக்கழிவையும் நிலத்தடி நீரையும் எப்படி மாற்றிப்போட்டாலும் பெரிய சேதமில்லை. வடிவமைப்பு வகுப்புகள் இந்திய எண்களில் நடக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர், அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்பது மத்தியப் பொதுச் சுகாதார மற்றும் சுற்றுச்சூழல் பொறியியல் அமைப்பின் கையேடு தரும் கணக்கு. அந்தக் கையேடு வகுப்பில் மேசைமேல் இருக்க வேண்டும்.

சட்டமும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் சில திட்டங்களில் எளிதான பாடம் என்று கருதி நான்காம் பருவத்திலேயே முடிக்கப்படுகின்றன. இது தலைகீழ். 2006ஆம் ஆண்டுத் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி தயாராகும் ஓர் அறிக்கையைப் படித்து, அதில் சொன்ன கழிவுநீர் அளவு நம்பத்தக்கதா, புகைபோக்கி உயரம் போதுமா என்று கேட்கத் தெரிய வேண்டும். காற்றும் நீரும் படித்து முடிக்காதவரால் அந்த அறிக்கையின் தலைப்புகளை மட்டுமே ஒப்பிக்க முடியும். ஏழாம் பருவத்துக்கு முன் அது வேண்டாம்.

விருப்பப் பாடங்களில் கூட்டத்தை இழுப்பவை வரும், போகும். தொலையுணர்வு, உயிர்வட்ட மதிப்பீடு, காலநிலை மாதிரிகள் எல்லாம் அந்த 18 கிரெடிட்டுக்குள் தாராளமாக இருக்கட்டும். மையப் பாடங்களின் 48இல் கைவைக்காமல் இருக்கும்வரை வரிசைக்கு ஆபத்தில்லை. இறுதியாண்டு பிராஜெக்ட் பற்றி ஒரே ஒரு நிபந்தனை போதும்: எதை ஆராய்ந்தாலும் அறிக்கையில் ஒரு முழுமையான நிறைச் சமநிலை அட்டவணை இருக்க வேண்டும். வாழைத்தண்டுத் தூள் சாயத்தை 95 விழுக்காடு நீக்கியது என்று எழுதும் மாணவர், சாயம் ஏறிய அந்தத் தூளை எத்தனை கிலோ, எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்றும் எழுதட்டும்.

7. அரியர்

இந்த வரிசை முழுவதையும் ஒரே ஒரு நடைமுறை குலைக்கக்கூடும். தோற்ற பாடத்தை அரியராக வைத்துக்கொண்டு அடுத்த பருவத்துக்குப் போகலாம் என்பது நம் பல்கலைக்கழகங்களின் வழக்கம். கருணையான வழக்கம்; ஓராண்டு வீணாகாமல் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் காப்பாற்றுவது. ஆனால் மூன்றாம் பருவ நிறைச் சமநிலையில் தோற்றவர் ஆறாம் பருவத்தில் கழிவுநீர்த் தொட்டி வடிவமைக்க உட்காருகிறார். முன்தேவை என்று பாடத்திட்டத்தில் அச்சிட்டிருக்கும் வரி அவரைத் தடுப்பதில்லை. தடுக்கவும் வேண்டியதில்லை. மூன்று பாடங்களுக்கு மட்டும், அதாவது நிறைச் சமநிலை, சுற்றுச்சூழல் வேதியியல், வினைவேகம் ஆகியவற்றுக்கு மட்டும், விடுமுறையில் சில வாரத் தீவிர வகுப்பும் அதன் முடிவில் மறுதேர்வும் வைத்தால் பெரும்பாலோர் அடுத்த பருவம் தொடங்குமுன் கரையேறிவிடுவார்கள்.

தன்னாட்சிக் கல்லூரிகள் இதைத் தம் கல்விக் குழுவிலேயே முடிவு செய்துகொள்ளலாம். இணைப்புக் கல்லூரிகளுக்கு அந்த வசதி இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் விதிமுறைகள் 2013, 2017, 2021 என நான்காண்டு இடைவெளியில் திருத்தப்பட்டன. பருவங்களை இடம் மாற்றுவதற்கு அப்படியொரு திருத்தத்துக்குக் காத்திருக்க வேண்டும். அதுவரை ஆய்வக மணிகளைப் பிரிப்பது, டுடோரியல் வகுப்பை நிறைச் சமநிலைக்குக் கொடுப்பது, அரியர் மாணவருக்கு விடுமுறை வகுப்பு நடத்துவது ஆகிய மூன்றையும் பாடத்திட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் துறைத்தலைவர் மட்டத்திலேயே செய்துகொள்ள முடியும்.